தாண்டிக்குடி மலைச்சரிவில் ஒரு வீடு: கைபேசித் தேர்வும் சிக்னல் அளவீடும் பற்றிய நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரைக் கடந்து சரிவில் இறங்கினால் வரும் காப்பித் தோட்டத்தில் என் பெரியம்மா வசிக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். பெரியப்பா காலமான பிறகும் மலையை விட்டு இறங்க அவருக்கு மனம் வரவில்லை. மகன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார், மகள் குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறார். துணைக்கு ஒரு பெண் மட்டும் உடன் தங்குகிறாள். கைபேசிதான் அந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே தொடர்பு. அது வெகுநாளாகவே விட்டுவிட்டுத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. எந்தக் கைபேசி வாங்குவது, எந்த நிறுவனத்தின் சிம் போடுவது என்று குடும்பத்துக்குள் எழுந்த கேள்விக்கு விடை தேடிய முறையையும், அதில் கண்டறிந்தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். அங்கே அளந்து பார்த்த நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்து, முதல் நிறுவனம், இரண்டாம் நிறுவனம் என்றே குறிப்பிடுகிறேன். ஒரு மேட்டில் நன்றாக எடுக்கும் நிறுவனம் அடுத்த பள்ளத்தில் அறவே எடுக்காமல் போகும் என்பதால், பெயர் சொல்வது வேறு ஊர் வாசகருக்கு எந்த வகையிலும் உதவாது.

தேவைகள் எளியவை. காப்பியும் மிளகும் எடுக்கும் வியாபாரிகள் பட்டிவீரன்பட்டியிலிருந்து விலை கேட்டுப் பேசுவார்கள். வங்கியிலிருந்து ஓடிபி வர வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மகளோடு வாட்ஸப் காணொளிப் பேச்சு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் நெஞ்சு வலித்தாலோ வழுக்கி விழுந்தாலோ படுக்கையில் இருந்தபடியே யாரையாவது அழைக்க முடிய வேண்டும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் வலுக்குறைந்த நிலையிலும் இந்த மலைப்பகுதி வரை வந்து மரங்களைச் சாய்த்தபோது, மின்சாரமும் போனும் இல்லாமல் கிடந்த நாட்களை அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை.

ஏற்கெனவே இருந்த கைபேசி மகள் ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்தது. விலை உயர்ந்தது, கேமரா நன்றாக இருக்கும். அதில் இருந்த சிம், பெரியப்பா காலத்திலிருந்தே வைத்திருந்த முதல் நிறுவனத்தினுடையது. பெரியம்மாவின் புகார் இதுதான்: “டவர் நாலு கோடு காட்டுதுப்பா, ஆனா பேசுனா பாதிப் பேச்சுதான் போகுது. சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்துட்டா அந்தக் கோடும் இல்ல.”

இதற்கு மகன் சொன்ன தீர்வு, இன்னும் விலை கூடிய 5ஜி போன் ஒன்றை வாங்கிவிடலாம் என்பது. மலையடிவாரத்தில் ஒரு கடைக்காரர் சொன்ன தீர்வு, வீட்டுக்கூரையில் பூஸ்டர் மாட்டிவிடலாம் என்பது. இரண்டாவது யோசனையை உடனே ஒதுக்கினோம். பூஸ்டர் என்று சொல்லப்படும் சிக்னல் ரிப்பீட்டரை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம். அது சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும். முதல் யோசனையை ஆராயாமல் ஒதுக்க முடியவில்லை. எனினும் பெரியம்மாவின் புகாருக்குள்ளேயே இரண்டு வெவ்வேறு நோய்கள் இருந்தன என்பது கூர்ந்து கேட்டால் தெரியும்: கோடு இருக்கும் இடத்தில் பேச்சு உடைவது ஒன்று, வீட்டுக்குள் கோடே இல்லாதது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கோடு இருந்தும் பேச்சு உடைந்தது ஏன்

முதல் நோயின் காரணம் காப்பி காயவைக்கும் களத்தில் வைத்தே பிடிபட்டது. அங்கே நின்று வாட்ஸப்பில் மகளை அழைத்தால் முகமும் குரலும் தெளிவாக வந்தன. அதே இடத்தில், அதே நிமிடத்தில், திருப்பூருக்குச் சாதாரண அழைப்பு போட்டால் குரல் வெட்டி வெட்டி வந்தது. அழைப்பு இணையும் நொடியில் திரையின் மேல் ஓரத்தைக் கவனித்தபோது, அதுவரை இருந்த 4ஜி குறி மறைந்து 2ஜிக்கான சின்னம் வந்தது. அழைப்பைத் துண்டித்த சில நொடிகளில் 4ஜி மறுபடி வந்து உட்கார்ந்தது. அதாவது, அந்தக் கைபேசிக்கு இணையம் 4ஜியில் கிடைத்தது. பேச்சுக்கு மட்டும் அது பழைய 2ஜி அலைக்கு இறங்கியது.

4ஜி அலையிலேயே பேச்சையும் அனுப்பும் வோல்ட்டி வசதி, கைபேசியின் வன்பொருளில் இருந்தால் மட்டும் போதாது. எந்த நிறுவனத்தின் சிம் போடுகிறோமோ அந்த நிறுவனத்துக்கான அமைப்பு அந்தக் கைபேசியின் மென்பொருளிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்படும் சில கைபேசிகளில் இந்திய நிறுவனங்களுக்கான அமைப்பு சேர்க்கப்பட்டிருப்பதில்லை. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் போனைப் பெட்டி பிரித்ததும் நாம் கேமராவைத்தான் பார்க்கிறோம்; அமைப்புகள் பக்கத்தில் வோல்ட்டி என்ற பொத்தான் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஜியோவைப் போல 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய நாள் முதல் 2ஜியே இல்லாத நிறுவனத்தின் சிம்மாக இருந்திருந்தால், இந்தக் கைபேசியில் சாதாரண அழைப்பு போகவே போயிருக்காது. குறை அன்றைக்கே தெரிந்திருக்கும். 2ஜி இருந்ததனால்தான் அது இத்தனை காலம் மறைந்து கிடந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் ஐபோன்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: 2022இல் வந்த 14ஆம் வரிசை முதல் அங்கே விற்கப்படுபவற்றில் சிம் செருகும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டுமே.

ஆகவே கைபேசியை மாற்றுவது தேவைதான், ஆனால் மகன் நினைத்த காரணத்துக்காக அல்ல.

வீட்டுக்குள் அளந்தது

கோடுகளை வைத்துச் சிக்னலை மதிப்பிட முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எத்தனை வலுவுக்கு எத்தனை கோடு என்று எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி இல்லை. ஒரு கைபேசியில் மூன்று கோடாகத் தெரிவது இன்னொன்றில் இரண்டாகத் தெரியலாம். உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குப் போய் ‘சிம் நிலை’ என்பதைத் திறந்தால் அது தெரியும். ஐபோனில் *3001#12345# என்று அழுத்தி அழைத்தால் சோதனைத் திரை திறக்கும். எண் கழித்தல் குறியோடு வரும், பூச்சியத்துக்கு அருகே இருப்பதே வலுவானது. 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் பேச்சு தட்டுத்தடுமாறும், மைனஸ் 120க்கு அப்பால் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது என்பதால் 10 எண் இறங்கினால் வலு பத்தில் ஒரு பங்காகிறது. 20 எண் இறங்கினால் நூறில் ஒரு பங்காகிறது. கோடுகளில் ஒன்று குறைந்ததாகத் தெரியும் இடத்தில் உண்மையில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம்.

களத்தில் முதல் நிறுவனத்தின் அளவு மைனஸ் 95ஐ ஒட்டி இருந்தது. வீட்டின் திண்ணையில் மைனஸ் 105 அளவுக்கு இறங்கியது. பெரியம்மா படுக்கும் அறையில், கட்டில் தலைமாட்டில் வைத்துப் பார்த்தால் மைனஸ் 118க்கும் 121க்கும் இடையே ஊசலாடி, அவ்வப்போது ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்ற வாசகம் வந்தது. அந்த அறை பழைய கருங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்டது, முதுகுப்புறம் மண்சரிவோடு ஒட்டியது. உலோகத் தகட்டைச் சிக்னல் துளைத்து வராது. சன்னல் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் நுழைவதுதான் கணக்கு, அந்த அறையின் ஒரே சன்னலோ கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், முன்புறம் இருந்தது. “கொஞ்சம் வெளியே வந்து பேசினால் என்ன” என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். மாலை இருட்டியதும் காட்டுமாடுகள் களத்தோரம் வரை மேய வரும் தோட்டம் அது. போன் பேசுவதற்காக ஒரு முதியவரை இரவில் வெளியே அனுப்ப முடியாது. ஆகவே கட்டில் தலைமாட்டு அளவையே இந்த ஆய்வின் முதன்மை அளவாக எடுத்துக்கொண்டோம். களத்தில் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அது இரண்டாம்பட்சம்தான்.

‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்ற வாசகத்தைப் பலரும் வெறும் எரிச்சலோடு கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு பயனுள்ள செய்தி. தன் நிறுவனத்தின் கோபுரம் கிடைக்காத கைபேசி, வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்து, 112 போன்ற அவசர எண்ணுக்கு மட்டும் அதன் வழியே அழைக்கலாம் என்று சொல்கிறது. சிக்னலே இல்லை என்று நாம் நினைத்த அந்த அறைக்குள் வேறு யாருடைய சிக்னலோ வந்துகொண்டிருந்தது. யாருடையது என்று கண்டுபிடிப்பதே அடுத்த வேலையாயிற்று.

வரைபடம் சொன்னதும் நிலம் சொன்னதும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்து, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இது பெரிய முன்னேற்றம். நாங்களும் நான்கு நிறுவனங்களின் வரைபடங்களையும் திறந்து பார்த்தோம். தோட்டம் இருந்த இடத்தில் மூன்று நிறுவனங்கள் 4ஜிக்கான வண்ணத்தைத் தீட்டியிருந்தன. எனினும் இத்தகைய வரைபடங்களில் பெரும்பகுதி, கோபுரத்தின் உயரம், ஆண்டெனாவின் திசை, நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு. திறந்தவெளியில் என்ன கிடைக்கும் என்பதை அது ஓரளவு சொல்லும். கருங்கல் சுவரையும் தகரக் கூரையையும் அது அறியாது. பயனர்களின் கைபேசிகள் திரட்டித் தரும் தகவலைக் கொண்டு செயலிகள் வரையும் படங்களுக்கு வேறு குறை உண்டு: மலையில் அவை பேருந்துச் சாலையை ஒட்டிய கோடுகளாகவே இருக்கும், தோட்டங்களுக்குள் வெறுமையாக இருக்கும். எங்கே அளக்க வேண்டும் என்று தீர்மானிக்க வரைபடம் உதவியது. எந்த சிம் வாங்குவது என்பதை அதை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை.

கோபுரங்கள் எங்கே நிற்கின்றன என்பதை அறிய, தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் தளமும், நெட்மான்ஸ்டர் போன்ற செயலிகளும் உதவின. முதல் நிறுவனத்தின் கோபுரம் ஊருக்குள், மேட்டின் மறுபக்கம், நடந்தே போகும் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்பதை நேரில் போய் அண்ணாந்து பார்த்தபோது ஊகிக்க முடிந்தது. ஒரு கோபுரத்தில் ஆண்டெனாக்கள் பொதுவாக மூன்று திசைகளைப் பார்த்து அமைக்கப்படும். இந்தக் கோபுரத்தில் அவை சாலையையும் ஊரையும் நோக்கியே திரும்பியிருந்தன. தோட்டத்துப் பக்கம் நேராக நோக்கிய தகடு எதுவும் இல்லை, நடுவே மேட்டின் முதுகு வேறு மறைத்தது. கோபுரத்தின் அருகாமை சிக்னலுக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

இரண்டாம் நிறுவனத்தின் அலகுகளும் அதே கோபுரத்தின் மேலேயே இருந்தன. இந்தியாவில் கோபுரத்தை ஒரு நிறுவனம் நட்டு, பல சேவை நிறுவனங்கள் அதில் வாடகைக்கு ஏறிக்கொள்வது நீண்டகால வழக்கம். இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்களின் தொழிலே அதுதான். செலவுக்கு அது நல்லது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களின் சிம்களை வாங்குகிறவர், இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்குகின்றனவா என்று பார்ப்பதில்லை. கம்பத்துக்கு மின்சாரம் போனால் இரண்டு சிம்மும் சேர்ந்தே போகும்.

மூன்றாம் நிறுவனத்தின் கோபுரம் தொலைவில், பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் இருந்தது. தூரம் கூடுதல், ஆனால் வீட்டின் முன்புறத்திலிருந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரிந்தது, நடுவே சில்வர் ஓக் மரங்களைத் தவிர வேறு தடை இல்லை. அது ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலைவரிசை ஒன்றையும் பயன்படுத்தியது. இந்த அலைவரிசை விஷயம் சற்று விளக்கத் தக்கது. தடையற்ற வெளியில், ஒரே வகை ஆண்டெனாக்களைக் கொண்டு கணக்கிட்டால், ஒரே தூரத்துக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 2300 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 10 டெசிபெல் கூடுதலாக இழக்கிறது, அதாவது வந்து சேரும் வலு பத்தில் ஒரு பங்கு. தாழ்ந்த அலை மேட்டின் விளிம்பைச் சற்று வளைந்து கடக்கும், இலையையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்த அலை நிறையத் தரவைச் சுமக்கும், ஆனால் தடையைக் கண்டால் சோர்ந்துவிடும். நகரத்தில் உயர்ந்த அலைவரிசை கொண்ட நிறுவனம் வேகத்தில் வெல்லலாம். மலையில், ஈரமான மரங்களுக்குப் பின்னால், தாழ்ந்த அலைவரிசைதான் வீட்டுக்குள் வருகிறது. ஒரே கைபேசியில் சிம்மை மாற்றிப் போட்டு அதே கட்டில் தலைமாட்டில் அளந்தபோது மூன்றாம் நிறுவனம் மைனஸ் 106ஐ ஒட்டி நின்றது. சிறப்பான அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட வலு.

ஒரே கைபேசியில் அளக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் தன் போனில் நன்றாக எடுக்கிறது என்று சொல்வது அவருடைய போனின் ஆண்டெனாவையும் சேர்த்துத்தான். சிம்மை மாற்றும் முன், வங்கிச் செயலிகள் சிம் மாற்றத்தைக் கண்டால் பூட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்காகவே அன்றாடம் பயன்படாத ஒரு பழைய போனில் இந்தச் சோதனையைச் செய்தோம்.

நான்காம் நிறுவனம் ஒரு விந்தையான பாடத்தைத் தந்தது. தோட்டத்தின் கீழெல்லையில், சமவெளியைப் பார்த்த பாறை விளிம்பில், அதன் சிக்னல் மைனஸ் 90க்கும் மேலாக வலுவாக இருந்தது. ஆனாலும் இணையம் நகரவில்லை, அழைப்புகள் பாதியில் அறுந்தன. அந்த விளிம்பிலிருந்து பார்த்தால் அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி தொடங்கி வத்தலக்குண்டு வரை விரிந்து கிடக்கும் சமவெளி முழுவதும் தெரியும். அங்குள்ள கோபுரங்கள் பலவும் ஒரே நேரத்தில் கைபேசியை எட்டுகின்றன. ஒரே அலைவரிசையில் பலரும் பேசுவதால், திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பதுபோல, கைபேசி திணறுகிறது. வலுவைக் காட்டும் எண்ணோடு, சிக்னலுக்கும், குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்ததற்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண்ணையும் பார்த்தால்தான் இது புலப்படும்; செயலிகளில் அது சினர் என்ற பெயரில் வரும், கூட்டல் பத்துக்கு மேல் இருந்தால் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் கோடு எத்தனை இருந்தும் பயனில்லை. தொலைநோக்குக் காட்சியுள்ள மலைவிடுதிகளில் சிக்னல் முழுதாகக் காட்டியும் ஒன்றும் திறக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொரு சமமின்மையும் இருக்கிறது. கோபுரம் பல வாட் ஆற்றலோடு பேசுகிறது; கைபேசியின் 4ஜி ஒலிபரப்போ பொதுவாக உச்ச அளவில் 200 மில்லிவாட்தான். கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்பதைத்தான் கோடுகள் காட்டுகின்றன, நம் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் “கேக்கலை, கேக்கலை” என்று சொல்வது நமக்குத் தெளிவாகக் கேட்கும் நிலைமை பெரும்பாலும் இதனால்தான். சிக்னல் மெலிந்த இடத்தில் கைபேசி தன் முழு ஆற்றலோடு கத்திக்கொண்டே இருப்பதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

மழைக்காலம் வரை பொறுத்தது

இத்தனையும் வெயில் காலத்து அளவுகள். அந்த மலையில் கைபேசியின் உண்மையான தேர்வு வடகிழக்குப் பருவமழையில்தான் நடக்கும். கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் மின்சாரம் வர நாள் கணக்காகலாம். கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் ஜெனரேட்டர் இருந்து அதற்கு எரிபொருள் வந்து சேர்ந்தால் மட்டுமே தொடரும். வரைபடத்தில் இதற்கு வண்ணம் இல்லை. ஊரில் டீக்கடையில் விசாரித்ததில்தான் தெரிந்தது: கரன்ட் போனால் ஊர்க் கோபுரம் இருட்டுவதற்குள் அடங்கிவிடும், எதிர்ச்சரிவுக் கோபுரம் மறுநாள் வரை தாங்கும் என்றார்கள். சில சமயம் கோபுரம் நின்றுகொண்டே இருக்கும், கோடும் முழுதாக இருக்கும், இணையம் மட்டும் வராது. கோபுரத்திலிருந்து ஊர்ப்பக்கம் போகும் ஃபைபரோ நுண்ணலை இணைப்போ அறுந்திருக்கும்.

ஆகவே உடனே எண்ணை மாற்றாமல், மூன்றாம் நிறுவனத்தின் புதிய ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி, பழைய போனில் போட்டு, பெரியம்மாவின் அறையிலேயே மழைக்காலம் முடியும் வரை வைத்திருந்தோம். துணைக்கு இருக்கும் பெண், மின்சாரம் போன நாட்களில் அந்த சிம் எத்தனை மணி வரை எடுத்தது என்று காலண்டர் தாளில் குறித்து வைத்தாள். டீக்கடைக்காரர்கள் சொன்னது சரியாகவே இருந்தது.

தேர்வு

நிறுவனத்தை முடிவு செய்த பிறகுதான் கைபேசியைப் பார்த்தோம். இந்த வரிசை முக்கியம் என்பது என் கருத்து. பெட்டியின் மேல் 5ஜி என்று பெரிதாக எழுதியிருப்பது எதையும் நிச்சயப்படுத்தாது. தயாரிப்பாளரின் இணையதளத்தில், அந்த மாடலின் இந்திய வகைக்கு உரிய பக்கத்தில், அலைவரிசைப் பட்டியல் இருக்கும். இந்தியாவில் 4ஜிக்குப் பயன்படும் 2100, 1800, 850, 900, 700, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் அதில் முறையே பி1, பி3, பி5, பி8, பி28, பி40, பி41 என்று வரும். மலிவுப் போன்களில் சில நேரம் பி28 விடுபட்டிருக்கும். 700 மெகாஹெர்ட்ஸில் 4ஜி தரும் பிஎஸ்என்எல் போன்ற நிறுவனத்தை நம்பியிருப்பவருக்கு அது பெரிய இழப்பு.

5ஜியிலும் இதே கவனம் வேண்டும். 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கிய ஒரே தனியார் நிறுவனம் ஜியோ. அது 5ஜியைத் தனித்து இயங்கும் முறையில் தருகிறது. ஏர்டெல் தொடக்கத்தில் 4ஜியைத் துணையாகக் கொண்ட முறையைத் தேர்ந்தெடுத்தது. 2024 இறுதியில் வந்த ரெட்மி ஏ4 என்ற விலை குறைந்த போன் தனித்து இயங்கும் முறையை மட்டுமே ஏற்றதால், அன்றைக்கு ஏர்டெல் 5ஜி அதில் வேலை செய்யவில்லை. எங்கள் நிகழ்வில் தோட்டத்துக்கு எந்த நிறுவனத்தின் 5ஜியும் எட்டவில்லை. எனவே அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று மகனிடம் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், அம்மாவுக்கு நல்லதாக வாங்கித் தர வேண்டும் என்ற ஆசை அவருக்கு விலையோடு சேர்ந்தே இருந்தது.

பதினைந்தாயிரம் ரூபாய்க்குள், இந்தியாவில் விற்பனைக்கென்றே வந்த, இரண்டு சிம்மிலும் வோல்ட்டி ஏற்கும், 5000 எம்ஏஹெச் பேட்டரி கொண்ட ஒரு போனை வாங்கினோம். அலைவரிசைப் பட்டியலில் எதுவும் விடுபடவில்லை. *#06# அழுத்திப் பெற்ற ஐஎம்இஐ என்ற கருவி அடையாள எண்ணை, முன்னால் கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு, 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி அது முறையான கருவிதான் என்று உறுதிசெய்துகொண்டோம். வைஃபை வழியாக அழைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய இந்த வசதி, ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் தகரக் கூரைப் பிரச்சினையையே இல்லாமல் செய்துவிடும். ஊர் வரை கேபிள்காரரின் ஃபைபர் வந்திருக்கிறது. தோட்டத்துக்குள் இழுத்தால் மரக்கிளையும் குரங்கும் அறுக்கும் என்று அவரே தயங்குகிறார். அது நிலுவையில் இருக்கிறது.

பெரியம்மாவின் பழைய எண் வங்கிக்கணக்கு, ஆதார், வியாபாரிகள் என எல்லா இடத்திலும் பதிவானது என்பதால் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றினோம். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த இந்த வசதியின் நடைமுறை இப்போது எளிது: போர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்பினால் வரும் குறியீட்டை நான்கு நாட்களுக்குள் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைந்திருக்க வேண்டும், அண்மையில் சிம் மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் எங்களுக்குத் தடையாக இல்லை. இரண்டாம் துளையில் முதல் நிறுவனத்தின் புதிய சிம் ஒன்றைப் போட்டோம். வோல்ட்டி உள்ள போனில் அது களத்திலும் ஊருக்குள்ளும் தடையின்றிப் பேச உதவுகிறது, மேலும் அது நிற்கும் கம்பம் வேறு. பெரியம்மாவின் கட்டில் எதிர்ச்சுவருக்கு, முன்புறச் சன்னல் பக்கம் மாற்றப்பட்டது. அதனால் மட்டும் அளவு மைனஸ் 100க்கு அருகே வந்தது. மொத்த முயற்சியில் செலவே இல்லாத மாற்றம் அது.

இரண்டாம் சிம்மை உயிரோடு வைத்திருக்கும் செலவு பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின், இணையம் சேராத, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டியிருக்கிறது. இணையத்தை ஒரு சிம்மில் மட்டும் வைத்து மற்றதை இத்தகைய திட்டத்தில் ஓட்டுவது கட்டுப்படியாகிறது.

இப்போது படுக்கையறையிலிருந்து பேச்சு போகிறது, ஓடிபி வருகிறது. தீராமல் இருப்பது தோட்டத்தின் ஓடைக்கரைப் பகுதி. அங்கே நான்கு நிறுவனங்களில் எதுவும் எடுப்பதில்லை. மிளகு பறிக்கும் மாதங்களில் மூங்கில் ஏணியில் ஏறி வேலை செய்பவர்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கிறார்கள், எவருக்கேனும் அடிபட்டால் மேலே ஓடிவந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் போனை வாங்கினாலும் அது மாறாது. சேவை எட்டாத ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல ஒன்றிய அரசு 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்த திட்டத்தைக் குறிப்பிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நான்கு நிறுவனங்களின் டிபிஎம் அளவுகள், அங்கே வேலை செய்வோர் எண்ணிக்கை ஆகியவற்றை இணைத்து, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் கையெழுத்திட்ட மனு ஒன்று ஊராட்சி வழியாக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.